காதைத் துடைக்காமல் கூட்டி வாருங்கள்

பிள்ளைகளின் காதில் பஞ்சுக்குச்சி விடுவதுதான் என் பிழைப்பு.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அந்தச் சந்தில் இரண்டாவது மாடியில் குழந்தைகளுக்கான காது மூக்கு தொண்டை கிளினிக். அங்கே நான் லேப் டெக்னீஷியன். பெயர் ரெஜினா, ஆனால் வருகிறவர்கள் எல்லாருக்கும் நான் ‘சிஸ்டர்’. என் சித்திகள் இரண்டு பேர் கன்னியர் மடத்துக்குப் போய்ப் பல வருஷம் ஜெபம் செய்து வாங்கிய பட்டத்தை, நான் வெள்ளைக் கோட்டு மாட்டிய முதல் நாளே வாங்கிவிட்டேன்.

முன்பெல்லாம் காதில் சீழ் வந்தால் அதை எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்புவோம். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் பொறுமையில்லாதவர்கள் மெடிக்கல் ஷாப்பில் எதையாவது வாங்கி ஊற்றியிருப்பார்கள். இப்போது ஒரு சின்னப் பட்டை வந்திருக்கிறது. குச்சியில் சீழை எடுத்து, ஒரு திரவத்தில் கலக்கி, பட்டையில் சொட்டுவிட்டால் கால் மணி நேரத்தில் சொல்லிவிடும். ஒரு கோடு வந்தால் பாக்டீரியா இல்லை. இரண்டு கோடு வந்தால் இருக்கிறது, அதற்கான சொட்டு மருந்து வேண்டும். கோடே வராவிட்டால் டெஸ்ட்டே தப்பு, மறுபடி எடுக்க வேண்டும்.

சிக்கல் அந்தக் கால் மணி நேரத்தில்தான். நான் ஓரிடத்தில் உட்காருகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டாலே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அப்படிப்பட்டவளைப் பிடித்து, நாள் முழுக்க அடுத்தவர்களிடம் “கொஞ்சம் பொறுங்க” என்று சொல்கிற வேலையில் போட்டிருக்கிறார்கள். அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

யாருக்கு வலி?

பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற ஒரு அப்பா நாலு வயதுப் பையனைக் கூட்டி வந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை, ஒரு காதில் புளூடூத். பையன் காதில் குச்சி விட்டபோது லேசாக முகம் சுளித்தான், அவ்வளவுதான். பட்டையை மேஜையில் வைத்தேன். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குனிந்து பட்டையைப் பார்த்தார், நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். போனில் யாரிடமோ “டூ மினிட்ஸ்” என்றார். மறுபடி குனிந்தார். “மேடம், இதை ஃபாஸ்ட் பண்ண ஏதாவது வழி இருக்கா?” என்று கேட்டார். லைட்டாவது கொஞ்சம் கிட்டே வைக்கலாமா என்றார்.

எனக்கும் அந்த அறையில் அதே ஜன்னலுக்கும் மேஜைக்கும் இடையே நடக்கிற பழக்கம் உண்டு. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடந்து மோதிக்கொள்ளப் பார்த்தோம். ஸ்டூலில் கால் ஆட்டாமல் உட்கார்ந்திருந்த பையன் அப்பாவையே கவனித்துக்கொண்டிருந்தான். பிறகு என் கோட்டைப் பிடித்து இழுத்து, ரகசியமாகக் கேட்டான்: “ஆன்ட்டி, எங்கப்பாவுக்கும் காது வலிக்குதா?”

பவுடர் வாசனை

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து செல்வி என்று ஒரு அம்மா, இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் சந்தியாவைக் கூட்டி வந்தார். தெருவோரம் வண்டி போட்டு இஸ்திரி போடுகிற குடும்பம். சொல்லாமலே தெரிந்திருக்கும். அந்த மாதிரி மடிப்புக் கலையாத யூனிஃபார்மை நான் எந்தப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை. தலை படிய வாரி, ரிப்பன் கட்டி, கழுத்துவரை பவுடர் பூசியிருந்தார்கள். சந்தியாவின் வலது காதுச் சவ்வில் ஓட்டை. எதிரே நின்று பேசினால் பதில் சொன்னாள். பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை.

டாக்டர் மாலதி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “சீழ் வருதாம்மா?” என்று கேட்டார். “இல்ல டாக்டர், சுத்தமா கீது” என்றார் செல்வி. குச்சி விட்டேன். காதுக்குள் லேசான ஈரம், குச்சியில் ஒட்ட ஒன்றுமில்லை. கால் மணி நேரம் கழித்து ஒரே கோடு. ஓட்டை இருக்கிற காதில் கண்ட மருந்தை விட முடியாது, சிலது உள்ளே இறங்கி மிச்சமிருக்கிற காதையும் கெடுத்துவிடும். எனவே தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் செல்வி என்னிடம் கொட்டித் தீர்த்தார். சந்தியா மேல் நாற்றம் அடிக்கிறது என்று வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்களாம். மிஸ் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார். அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைக்குக் கடைசி பெஞ்ச்! பாடம் ஏறவில்லை, இப்படியே போனால் அடுத்த வருஷம் வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்றும் சொல்லியாகிவிட்டது. செல்வி மகளின் காலரை நீவிக்கொண்டே கேட்டார்: “ரெண்டு தபா சோப்பு போட்டு குளிப்பாட்டித்தான் அனுப்புறேன், இன்னும் இன்னா பண்ணச் சொல்றாங்க?”

செக்கு எண்ணெய்

எங்கள் சந்துக்கு அடுத்த தெருவிலேயே பாட்டு கற்றுக்கொடுக்கிற ஒரு மாமி இருக்கிறார். சனிக்கிழமை காலையில் மகனை இழுத்துக்கொண்டு மாடியேறினார். பையனுக்கு முந்தின நாளிலிருந்து காது வலி, சீழும் வந்திருக்கிறது. குச்சியை உள்ளே விட்டு எடுத்தேன். சீழோடு எண்ணெய் சொட்டியது. பூண்டு வாசனை வேறு. பட்டையில் விட்டேன். ஒரு கோடும் இல்லை, அரைக் கோடும் இல்லை, பட்டை முழுக்க மினுமினுத்தது. அப்பளம் பொரித்து வைத்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

“மாமி, காதுல எண்ணெய் விட்டீங்களா?” என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே பிடிக்கவில்லை. சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம், அதோடு பூண்டு போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு, அவ்வளவுதானாம். எண்ணெய் கலந்தால் பட்டை வேலை செய்யாது, சவ்வில் ஓட்டை இருந்தால் காதுக்கும் ஆகாது, இன்றைக்கு டெஸ்ட் முடியாது, டாக்டர் காதைச் சுத்தம் செய்த பிறகு திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். எனக்குக் குரல் ஏறினால் இறங்காது. அவருக்கோ பாட்டுக் குரல், அவர் என்னைவிட ஒரு கட்டை மேலே போனார். “எங்காத்துல செக்குல ஆட்டின எண்ணெய்தான் விட்டேன். அதையே தாங்கலைன்னா நீங்க பட்டையைன்னா மாத்தணும்?”

ஒன்றுமில்லை என்றால் எப்படி?

நல்ல சேதி சொல்லித் திட்டு வாங்குவது இந்தத் தொழிலின் விசேஷம். தி. நகரிலிருந்து ஒரு அம்மா கை நிறையத் துணிக்கடைப் பைகளும் இடுப்பில் குழந்தையுமாக வந்தார். மெட்ரோவுக்காக இந்தப் பக்கம் பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். காரை நிறுத்த இடம் தேடியே அவருக்குப் பாதி உயிர் போயிருந்தது. குழந்தைக்கு ஒரே கோடு. டாக்டர் பார்த்துவிட்டு, சளியால் வந்த வலி, ஆன்டிபயாடிக் வேண்டாம், தானே சரியாகும் என்றார். நான் சிரித்த முகத்தோடு அதையே திரும்பவும் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. “ஒண்ணுமே எழுதித் தரலையா?” என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிசப்ஷனில் இருக்கிற பத்மா, “நல்லதுதானேக்கா, பாப்பாக்கு ஒண்ணும் இல்லியாம்” என்று சமாதானம் சொன்னாள். எடுபடவில்லை. பைகளை ஒரு தோளிலும் குழந்தையை மறு தோளிலும் மாற்றிக்கொண்டு அவர் சொன்னார்: “இவ்ளோ நேரம் உக்கார வெச்சுட்டு ஒண்ணுமில்லைன்னா எப்படிங்க? ஒரு டானிக்காவது எழுதுங்க, பார்க்கிங் கிடைச்சதே பெருசு!”

பட்டையின் மேல் பழி

சந்தியா மறுபடி வந்தாள். மறுபடியும் அதே இஸ்திரி மடிப்பு, அதே பவுடர், அதே ஒற்றைக் கோடு. ஆனால் இந்த முறை கேட்கும் திறனைச் சோதித்துப் பார்த்தபோது வலது காது முன்னைவிட மோசமாகியிருந்தது. டாக்டர் மாலதி சத்தம் போட்டுப் பேசாதவர். அன்று பேனாவை மேஜையில் போட்டார். “உள்ளே ஏதோ நடந்துக்கிட்டே இருக்கு ரெஜினா. என்னன்னு தெரியாம நான் எந்த மருந்தை எழுதறது? காது காயாம ஓட்டையை அடைக்கவும் முடியாது” என்றார். வெளியே பெஞ்சில் செல்வியும் மகளும். மற்ற பிள்ளைகள் போனில் வந்த பொம்மைப் படத்துக்குச் சிரித்தபோது, சந்தியா அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு வினாடி தாமதமாகச் சிரித்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கோபம் வந்தால் யார் மேலாவது காட்டியாக வேண்டும். பட்டை சப்ளை செய்கிற கம்பெனிப் பிரதிநிதிக்குப் போன் போட்டேன். உங்கள் சரக்கே மட்டம், ஒரு பெண்ணுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது, உங்கள் பட்டை ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சாதிக்கிறது என்று கத்தினேன். அறைக்குள் நடந்துகொண்டே பேசியதில் போன் ஒயர் இருந்திருந்தால் அறுந்திருக்கும். அந்தக் கம்பெனிப் பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மரியாதையாகவே சொன்னான்: “மேடம், குச்சியில ஏதாவது இருந்தாத்தானே பட்டை சொல்லும்?”

மாடிப்படியில்

நம் ஊரில் டாக்டரிடம் போவதென்றால் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. பிள்ளையைக் குளிப்பாட்டி, நல்ல துணி போட்டு, மூக்கைச் சிந்தி, காதைத் துடைத்துக் கூட்டி வருவார்கள். மற்ற வியாதிக்குச் சரி. காதுக்கு வந்தால், நான் தேடுகிற பொருள் வீட்டில் துண்டில் இருக்கும். அதனால்தான் வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘டெஸ்ட்டுக்கு முன் காதைத் துடைக்காதீர்கள்.’ அதற்குக் கீழேயே உட்கார்ந்து துடைக்கிறவர்களும் உண்டு.

மூன்றாவது முறை சந்தியா வரவேண்டிய நாள். நேரமாகியும் வரவில்லை. எனக்குத்தான் உட்கார முடியாதே, டீ வாங்கி வரலாம் என்று நானே கீழே இறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில், யாரும் பார்க்காத பக்கமாகச் சுவரைப் பார்த்தபடி செல்வி உட்கார்ந்திருந்தார். சந்தியாவின் தலை அவர் மடியில். வெள்ளைத் துணியின் முனையைத் திரியாக முறுக்கிக் காதுக்குள் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். திரி மஞ்சளாக வந்தது. மடித்து, அடுத்த முனையை முறுக்கினார். அதுவும் மஞ்சள். கடைசியில் இடுப்புப் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தார். நாற்றம் எனக்கே எட்டியது.

நான் கத்திவிட்டேன். டீ பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு, “என்னம்மா பண்றீங்க? இதுக்காகத்தானே நாங்க ரெண்டு தடவையா குச்சி விட்டுத் தேடறோம்? வாசல்ல எழுதியிருக்கிறதைப் படிக்கலையா?” என்றேன். சந்தியா பயந்து எழுந்து உட்கார்ந்தாள். செல்வி துணியை முந்தானைக்குள் மறைத்தார். அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. “படிச்சேன் சிஸ்டர்” என்றார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: “மத்தவங்க தொடைக்காம வந்தா காதுல சீக்குன்னு சொல்வாங்க. நாங்க தொடைக்காம வந்தா அழுக்குப் புடிச்சவங்கன்னு சொல்வாங்க.”

ரயில் வாசலில்

கத்தியதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. அந்தத் துணியிலிருந்து எடுக்கலாமென்றால் பவுடர், அழுக்கு எல்லாம் கலந்துவிடும். பட்டை அதை ஏற்காது. படியிலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கூட்டி வாருங்கள், வீட்டுக்குக்கூடப் போகாதீர்கள், எப்படி இருக்கிறாளோ அப்படியே வாருங்கள் என்றேன். செல்வி தயங்கினார். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போவார்கள் என்றார். நான் காத்திருப்பேன், உங்களை ஒரு நிமிஷம்கூட பெஞ்சில் உட்கார வைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுநாள் மத்தியானத்திலிருந்து ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். “இன்னாக்கா, தேய்ஞ்சிட போவுது தரை” என்றாள் பத்மா. நாலு மணி தாண்டி அவர்கள் வந்தார்கள். சந்தியாவின் தலை கலைந்திருந்தது, சட்டைக் காலரில் காதிலிருந்து வழிந்த கறை. சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறி, உட்கார இடமிருந்தும் உட்காராமல், காற்று வெளியே அடித்துக்கொண்டு போகட்டும் என்று மயிலை வரைக்கும் வாசலோரமாகவே நின்று வந்திருக்கிறார்கள். உள்ளே வந்ததும் ஒரு அம்மா புடவைத் தலைப்பை மூக்கில் வைத்தார். செல்வியின் கால் பின்னால் போனது. நான் அவர் கையைப் பிடித்து, வரிசையைத் தாண்டி அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

குச்சி நிறையச் சீழ் வந்தது. பட்டையில் விட்டேன். அன்றைக்கு நான் நடக்கவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆகவே இல்லை, முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோடு அழுத்தமாக எழுந்தது. “வந்துடுச்சு!” என்று கத்தினேன். ஒரு குழந்தைக்குச் சீழ் பிடித்திருக்கிறது என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டாள். டாக்டர் எழுந்தே வந்துவிட்டார். சீழை உறிஞ்சிக் காதைச் சுத்தம் செய்து, ஓட்டைக் காதுக்கு ஆகிற சொட்டு மருந்தை எழுதினார். இது காய்ந்தால் ஓட்டையை அடைத்துவிடலாம், கேட்பதும் தேறும் என்றார். செல்வி பட்டையைக் கையில் வாங்கி அந்த இரண்டு கோட்டையும் வெகுநேரம் பார்த்தார். “இத்தினி நாளா இத்தத்தான் தொடச்சித் தொடச்சிப் போட்டுகினு இருந்தேனா?”

புகார்

அதற்குப் பிறகு சந்தியா தவறாமல் வந்தாள். ஒவ்வொரு தடவையும் துடைக்காமல்தான் வந்தாள். முதலில் கொஞ்சம் சீழ் இருந்தது, பிறகு வெறும் ஈரம், பிறகு அதுவும் இல்லை. லீவில் ஓட்டையை அடைக்கிற சின்ன ஆபரேஷன் என்று டாக்டர் முடிவு செய்திருக்கிறார். கேட்கும் திறன் முழுசாக வரவில்லை, ஆனால் கீழே போனது நின்று மேலே ஏற ஆரம்பித்திருக்கிறது. இதையெல்லாம் சொல்லலாம் என்று போன வாரம் நான் வாயைத் திறப்பதற்குள், செல்வி மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். இஸ்திரி வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறாராம். சந்தியா முகத்தில் ஒரு துளி வருத்தம் இல்லை.

என்ன ஆச்சு என்று பதறிப் போய்க் கேட்டேன். செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முகத்தைக் கோபமாக வைக்கப் பார்த்து முடியாமல், பத்மாவுக்கும் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “இவளால ஒரே ரோதனை சிஸ்டர்! பக்கத்துல குந்திகினு கீற பொண்ணாண்ட நாள் பூரா பேசிகினே கீறாளாம், பெஞ்ச மாத்தணும்னு மிஸ்ஸு கூப்ட்டு கத்துறாங்க!”

ஊரெல்லாம் சுத்தமாக இருங்கள் என்று சொல்கிற இந்தக் காலத்தில், பிள்ளையை அப்படியே அழுக்காகக் கூட்டி வாருங்கள் என்று கெஞ்சிச் சம்பளம் வாங்குகிற ஒரே ஜீவன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.